கடற்கரை ஊரில் எங்கே தங்குவது? பகுதியைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமான டிக்கெட் எடுத்த கையோடு ஓட்டல் படங்களைப் புரட்டத் தொடங்குவதுதான் முதல் தவறு. அறை பிடிக்கவில்லை என்றால் மறுநாளே மாற்றிக்கொள்ளலாம். பகுதி தவறிவிட்டால், இறங்க முடியாத கடலைப் பார்த்தபடியே விடுமுறை முடிந்துவிடும்.

"இலங்கைக்கு எந்த மாதம் நல்லது?" என்று பலரும் கேட்கிறார்கள். எந்த மாதத்தில் எந்தக் கரை என்று கேட்க வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது தென்மேற்கு, தெற்குக் கரைகளில் உள்ள ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் கடல் கொந்தளிக்கும். அதே நாட்களில் கிழக்கே நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் குழந்தைகளை நம்பி நீரில் இறக்கும் அளவுக்குக் கடல் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். தாய்லாந்திலும் அப்படித்தான். புக்கெட்டின் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை, நீந்தக் கூடாது என்று எச்சரிக்கும் சிவப்புக் கொடி அடிக்கடி ஏறும். அங்கே கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் பலி வாங்கியிருக்கிறது. கொடியை அலட்சியம் செய்யவே கூடாது. கோ சமுய் தீவிலோ அடைமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். சலுகை விலை கண்ணில் பட்டால், அந்தக் கரைக்கு அது எந்தப் பருவம் என்று முதலில் பாருங்கள்.

பருவத்தைப் பார்ப்பவர்கள்கூட ஓதத்தை, அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி வற்றுவதை, மறந்துவிடுகிறார்கள். தான்சானியாவின் சான்சிபார் தீவில், கிழக்குக் கரையில் உள்ள பாஜே, ஜம்பியானி ஊர்களின் படங்களில் நீலக்கடல் வாசற்படி வரை வந்து நிற்கும். அது நீர் ஏறியிருந்த வேளையில் எடுத்த படம். வற்றும்போது கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். வெளிப்படும் சேற்று மணலில் வரிசையாகக் குச்சிகளை நட்டு, இடையே கயிறு கட்டிக் கடற்பாசி வளர்க்கும் பெண்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருப்பார்கள். நீங்கள் கணுக்கால் நீரில், கடல் முள்ளெலியை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டும். அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நினைத்தபோதெல்லாம் நீந்த விரும்புபவருக்கு அது ஏமாற்றம்தான். அவர்கள் தீவின் வடமுனையில் உள்ள நுங்வி அல்லது கெண்ட்வாவில் தங்குவதே நல்லது. வேறு எந்தக் கரையானாலும் உங்கள் தேதிக்கான ஓத அட்டவணையைப் பாருங்கள். ஏற்றமும் வற்றமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகும்.

"கடலிலிருந்து 300 மீட்டர்" என்ற விளம்பரத்தை அப்படியே நம்புவது இன்னொரு தவறு. அது பெரும்பாலும் வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளந்த தூரம். பாலியின் உலுவாத்து பக்கம் அந்த இடைவெளியில் செங்குத்தான பாறைச்சரிவும் நீண்ட படிக்கட்டும் இருக்கலாம். முழங்கால் வலி உள்ள பெற்றோருடன் போகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். அதே பாலியில் உபுத் பெயர்பெற்ற ஊர்தான், ஆனால் அங்கே கடலே கிடையாது. குத்தா அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்கான கரை. மழைக்கால மாதங்களில் குப்பையும் ஒதுங்கும். சிறு குழந்தைகளுடன் போனால், பவளத்திட்டு அலையைத் தடுத்து நிறுத்தும் சனூரே என் தேர்வு.

மாலத்தீவுக்குப் போகிறவர்கள் வந்திறங்கும் நேரத்தைக் கட்டாயம் கணக்கில் கொள்ள வேண்டும். விமான நிலையத்திலிருந்து தொலைவிலுள்ள தீவுகளுக்குக் கொண்டுபோகும் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் தரையிறங்கினால், தொலைவிலுள்ள தீவில் கட்டிய முதல் இரவுக் கட்டணம் வீணாகிவிடும். மாலேயிலோ ஹுல்ஹுமாலேயிலோ தங்க இன்னொரு அறை தேட வேண்டியிருக்கும். மக்கள் வாழும் தீவுகளில் வாடகை குறைவு. ஆனால் அங்கே மது கிடையாது, நீச்சலுடைக்கும் தனிக் கரை ஒதுக்கியிருப்பார்கள்.

விருந்தினர் கருத்துகளை மொத்த மதிப்பெண்ணை வைத்து எடைபோடாதீர்கள். நீங்கள் போகும் அதே மாதத்தில் சென்ற ஆண்டு தங்கியவர்கள் எழுதியதைத் தேடிப் படியுங்கள். அலை, பாசி, இரவுச் சத்தம், பக்கத்தில் நடக்கும் கட்டுமான வேலை எல்லாம் அதில்தான் தெரியவரும்.