அட்லாண்டாவுக்குப் புதுசா வர்றீங்களா? முதல் வருஷத்துல இதையும் தெரிஞ்சுக்கோங்க

சோஷியல் செக்யூரிட்டி நம்பர் எப்படி வாங்கறது, கிரெடிட் ஸ்கோர் எப்படி ஏத்தறது, பொன்னி அரிசி எந்தக் கடையில மலிவு, இதெல்லாம் சொல்லித் தர ஊர்ப்பட்ட பேர் இருக்காங்க. ஆனா இந்த ஊர்ல கறுப்பின மக்களோட கதை என்ன, அதுல நாம எங்க நிக்கறோம்னு யாரும் உக்கார வெச்சு சொல்றதில்ல. அதுக்குப் பதிலா வந்த முதல் வாரமே யாராவது ஒரு அண்ணன் கார்ல கூட்டிட்டுப் போகும்போது "இந்தப் பக்கமெல்லாம் வராத, அது அவங்க ஏரியா, ராத்திரி காருக்குப் பெட்ரோல் போடக்கூட நிறுத்தாத"ன்னு சொல்லிடுவாரு. அவர் கெட்டவர் இல்ல, அவர் வந்தப்ப அவருக்கு இன்னொருத்தர் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்றாரு, அவ்வளவுதான். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அட்லாண்டா சிட்டிக்குள்ள கிட்டத்தட்ட பாதிப் பேர் கறுப்பினத்தவர், ஜார்ஜியா மாநிலத்துல ஏறக்குறைய மூணுல ஒருத்தர். 1973-ல மேனார்ட் ஜாக்சன் ஜெயிச்சதுல இருந்து இந்த ஊர் மேயரா வந்த அத்தனை பேரும் கறுப்பினத்தவர்தான். உங்க மேனேஜர், குழந்தையோட டாக்டர், வீட்டு லோன் ஆபீசர்னு யார் வேணா கறுப்பினத்தவரா இருக்கலாம், அப்ப "அவங்க ஏரியா"ன்னா எது?

வீடு தேடறதுல இருந்தே ஆரம்பிப்போம். நம்ம ஆளுங்க எல்லாரும் ஸ்கூல் ரேட்டிங் பார்த்துட்டுதான் அபார்ட்மென்ட் பார்ப்பாங்க, அதுல தப்பு சொல்ல மாட்டேன், பிள்ளைங்க படிப்புதான நமக்கு முக்கியம். ஆனா அந்த ரேட்டிங் வானத்துல இருந்து விழல. 1930-கள்ல மத்திய அரசோட வீட்டுக்கடன் அமைப்பு ஒண்ணு ஊர் ஊரா மேப் போட்டு, எந்தப் பகுதிக்குக் கடன் கொடுத்தா பணம் திரும்ப வரும்னு பச்சை, நீலம், மஞ்சள், சிவப்புன்னு கலர் அடிச்சுச்சு. கறுப்பின மக்கள் இருந்த இடமெல்லாம் அநேகமா சிவப்புதான். சிவப்புல இருக்கறவனுக்கு லோன் கிடைக்காது, லோன் இல்லாம வீடு வாங்க முடியாது, வீடு இல்லாம பிள்ளைக்கு விட்டுட்டுப் போக சொத்தும் இல்ல. பள்ளிக்கூடத்துக்கு வர்ற பணத்துல பெரிய பங்கு சொத்து வரியில இருந்துதான் வருது, அப்ப வீட்டு விலை கம்மியா இருக்கற இடத்துல ஸ்கூல் எப்படி இருக்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. 1968-ல ஃபேர் ஹவுசிங் சட்டம் வந்து இந்தப் பாகுபாட்டைத் தடை பண்ணிடுச்சு, ஆனா முப்பது வருஷத்துக்கு மேல நடந்தது ஒரு கையெழுத்துல அழியுமா?

அந்தச் சட்டத்தால ஒரு சின்ன நடைமுறை விஷயமும் இருக்கு. ரியல்டர் (வீடு வாங்க விக்க உதவற ஏஜென்ட்) கிட்ட "இங்க நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்களா, பிளாக் ஆளுங்க எவ்வளவு பேர்"னு கேட்டா மழுப்புவாங்க, பேச்சை மாத்துவாங்க. திமிர்னு நினைச்சுக்காதீங்க. இனத்தை வெச்சு ஒருத்தரை ஒரு ஏரியா பக்கம் தள்ளி விடறது சட்டப்படி குத்தம், அதனாலதான் வாயைத் திறக்க மாட்டாங்க.

இப்ப அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கற ஃபோர்சைத் கவுண்டிக்கு வருவோம் (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), ஏன்னா உங்கள்ல பாதிப் பேர் கடைசியில அங்க இருக்கற கம்மிங்லதான் வீடு வாங்கப் போறீங்க. நல்ல ஸ்கூல், பெரிய வீடு, வார இறுதியில லேனியர் ஏரி, தெருவுக்கு நாலு தமிழ்க் குடும்பம். அதே இடத்துல 1912 செப்டம்பர்ல என்ன நடந்துச்சுன்னா, ஒரு வெள்ளைக்காரப் பொண்ணைத் தாக்குன கேஸ்ல (அந்தப் பொண்ணு அப்புறம் இறந்துட்டா) பிடிச்ச ராப் எட்வர்ட்ஸ்ங்கற கறுப்பின இளைஞரை கூட்டம் ஜெயில்ல இருந்து வெளிய இழுத்து, கொன்னு, கம்மிங் ஊர் நடுவுல கம்பத்துல தொங்க விட்டாங்க. டீன் ஏஜ் வயசுல இருந்த இன்னும் ரெண்டு பசங்களுக்கு அவசர அவசரமா விசாரணை நடத்தி அடுத்த மாசமே தூக்கு, அதை வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்குல ஜனம். அப்புறம் ராத்திரி ராத்திரியா குதிரையில போய் வீடுங்க மேல துப்பாக்கியால சுடறது, சர்ச்சுகளை எரிக்கறது. கவுண்டியில இருந்த சுமார் 1,100 கறுப்பின மக்கள் நிலத்தையும் மாட்டையும் அறுவடைக்கு நின்ன பயிரையும் விட்டுட்டு ஓடிட்டாங்க. அதுக்கப்புறம் ஏறக்குறைய எழுபத்தஞ்சு வருஷம் அந்தக் கவுண்டியில கறுப்பினத்தவர் இல்லவே இல்லைன்னு சொல்ற அளவுக்குத்தான் இருந்துச்சு. 1987 ஜனவரியில கறுப்பின உரிமைப் போராளி ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில ஒரு சின்ன ஊர்வலம் போச்சு, அவங்க மேல கல்லும் பாட்டிலும் பறந்துச்சு. அடுத்த வாரமே சுமார் 20,000 பேர் திரண்டு வந்து அதே ரோட்டுல நடந்தாங்க. 1987-ன்னா ரொம்ப தூரம் இல்லீங்க, உங்க மேனேஜர் அப்ப ஸ்கூல் படிச்சுட்டு இருந்திருப்பாரு. நாம அங்க வீடு வாங்கக் கூடாதுன்னு நான் சொல்லல, நாங்களே அந்தப் பக்கம்தான் இருக்கோம். ஆனா "இங்க பிளாக் ஆளுங்க இல்ல, அதனால சேஃப்"னு யாராவது பெருமையா சொல்லும்போது, ஏன் இல்லைங்கற காரணம் தெரிஞ்சிருந்தா அந்தப் பேச்சுக்குத் தலையாட்ட முடியாது.

அடுத்தது, நாம இந்த நாட்டுக்கு வந்த கதை. "நாம கஷ்டப்பட்டு படிச்சு வந்தோம், அவங்க மட்டும் ஏன் முன்னேற மாட்டேங்கறாங்க"ன்னு ஒரு டயலாக் எல்லா பொட்லக்லயும் (ஆளுக்கொரு சாப்பாடு கொண்டு வர்ற விருந்து) வரும். 1923-ல பகத் சிங் திண்ட்ங்கற பஞ்சாப்காரர், முதல் உலகப் போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், சிட்டிசன்ஷிப் கேட்டு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு. நீ வெள்ளைக்காரன் இல்ல, உனக்குக் குடியுரிமை கிடையாதுன்னு தீர்ப்பு. 1946-ல சட்டத்தை மாத்துனாங்க, ஆனா வருஷத்துக்கு 100 இந்தியர்தான் வரலாம்னு ஒதுக்கீடு. நூறே பேர்! அதை உடைச்சது 1965 குடியேற்றச் சட்டம். அதிபர் ஜான்சன் கறுப்பின மக்களோட ஓட்டுரிமையைக் காக்கற ஓட்டுரிமைச் சட்டத்துல கையெழுத்துப் போட்டது அந்த வருஷம் ஆகஸ்ட் 6, குடியேற்றச் சட்டத்துல போட்டது அக்டோபர் 3. அந்த ஓட்டுரிமைக்காக அலபாமாவுல செல்மா பாலத்துல ஊர்வலம் போன போராளி ஜான் லூயிஸ் மண்டை போலீஸ் அடியில உடைஞ்சது அதே வருஷம் மார்ச்ல. இனப் பாகுபாடு அநியாயம்னு கறுப்பின மக்கள் ரோட்டுல ரத்தம் சிந்தி நாட்டை ஒத்துக்க வெச்ச அந்தக் காத்துலதான் நம்ம கதவும் திறந்துச்சு. அதுவும் படிச்சவனா பொறுக்கி எடுத்து விசா கொடுத்துத்தான் நம்மள உள்ள விட்டாங்க, சங்கிலியில கட்டி இல்ல. இந்த ரெண்டு ஆரம்பத்தையும் ஒரே கோட்டுல வெச்சு ரேஸ் ஓட விடறது நியாயமா சொல்லுங்க.

போலீஸ் விஷயம் ரொம்ப முக்கியம், கவனமா படிங்க. ஊர்ல போலீஸ் கைகாட்டி நிறுத்துனா நாம என்ன செய்வோம், வண்டியை விட்டு இறங்கி ஆர்.சி. புக்கை எடுத்துக்கிட்டு "சார்"னு அவர்கிட்ட போவோம். இங்க அதைச் செய்யவே செய்யாதீங்க. பின்னாடி லைட் போட்டா வலது பக்கமா ஓரம் கட்டுங்க, இன்ஜினை ஆஃப் பண்ணுங்க, ராத்திரின்னா உள் லைட்டைப் போடுங்க, ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல தெரியற மாதிரி வைங்க, உள்ளயே உக்காந்திருங்க. லைசன்ஸ் டேஷ்போர்டுல இருந்தா "அதை எடுக்கப் போறேன்"னு சொல்லிட்டு மெதுவா கையை நீட்டுங்க. நமக்கு இது ஒரு டிப்ஸ். கூட வேலை செய்யற கறுப்பின நண்பர் ஒருத்தர் தன் பையனுக்கு பதினாறு வயசுல லைசன்ஸ் வந்த அன்னிக்கு இதையே கார்ல உக்கார வெச்சு திரும்பத் திரும்ப செய்ய வெச்சதா சொன்னாரு, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு, ஆனா அவங்க வீடுகள்ல இது தலைமுறை தலைமுறையா நடக்கற பாடம்.

நம்ம மேல அது பாயாதுன்னு நினைக்காதீங்க. 2015 பிப்ரவரியில அலபாமா மாநிலம் மேடிசன்ல, பேரனைப் பார்த்துக்க குஜராத்துல இருந்து வந்திருந்த ஒரு தாத்தா காலையில மகன் வீட்டுத் தெருவுல நடந்துட்டு இருந்தாரு. பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் ஒல்லியா ஒரு கறுப்பு ஆள் சுத்தறான்னு போலீசுக்கு போன் போட்டாரு. வந்த போலீஸ்காரர் கேட்டதுக்குத் தாத்தா இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லிப் பார்த்தாரு, வீட்டு நம்பரைச் சொன்னாரு. ரெண்டு நிமிஷத்துல அவரைத் தூக்கித் தரையில அடிச்சதுல கழுத்துல முதுகுத்தண்டு அடிபட்டு உடம்பு ஓரளவு முடங்கிப் போச்சு. அந்த போலீஸ்காரருக்குக் கடைசி வரைக்கும் தண்டனை கிடைக்கல. அதனால உங்க அப்பா அம்மா விசிட்டர் விசாவுல வந்தா குரங்கு குல்லா போட்டுக்கிட்டு விடியக்காலையில வாக்கிங் கிளம்பறதுக்கு முன்னாடி, வீட்டு அட்ரசும் உங்க போன் நம்பரும் எழுதுன அட்டை ஒண்ணு சட்டைப் பையில இருக்கட்டும், பக்கத்து நாலு வீட்டுல கூட்டிட்டுப் போய் அறிமுகப்படுத்திடுங்க.

2020-ஐப் பத்தி சொல்லாம விட முடியாது, இங்க இருக்கறவங்க பேச்சுல அந்த வருஷம் இன்னும் வந்துட்டே இருக்கு. பிப்ரவரி 23, இதே ஜார்ஜியாவுல பிரன்ஸ்விக் பக்கத்துல ஜாகிங் போன அஹ்மாட் ஆர்பெரிங்கற கறுப்பின இளைஞரை ரெண்டு வண்டியில துரத்திச் சுட்டுக் கொன்னாங்க. ரெண்டு மாசத்துக்கு மேல ஒருத்தரையும் கைது பண்ணல, வீடியோ வெளிய வந்த பிறகுதான் பண்ணாங்க. மே 25, மினியாப்பொலிஸ்ல ஜார்ஜ் ஃப்ளாய்ட்ங்கற கறுப்பினத்தவர் போலீஸ் கையில செத்தாரு, கழுத்துல போலீஸ்காரரோட முழங்கால் 9 நிமிஷம் 29 நொடி. அங்க நின்ன நாலு போலீஸ்ல ஒருத்தர் ஆசியர், மாங் இனத்தவர், கூட்டத்தைக் கிட்ட வர விடாம தடுத்துக்கிட்டு நின்னாரு. நம்ம வாட்சப் குரூப்ல எல்லாம் அப்ப நடந்த போராட்டத்துல கடை உடைச்சதைப் பத்தி மட்டும்தான் பேச்சு, அதே நேரம் மினியாப்பொலிஸ்ல காந்தி மகால்னு ஒரு உணவகம் எரிஞ்சு போச்சு, அதை நடத்துன வங்கதேசக்காரர் கட்டடம் எரிஞ்சா எரியட்டும், நீதி கிடைக்கணும்னு சொன்னாரு. எங்க வீடுகள்ல பெத்தவங்களும் காலேஜ் பிள்ளைங்களும் சாப்பாட்டு மேசையில கத்திக்கிட்ட வருஷம் அது. பிள்ளைங்க பக்கம்தான் நியாயம் இருந்துச்சுன்னு நான் நினைக்கறேன், சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்.

வருஷத்துல மூணு தடவை இந்தக் கதை காலண்டர்லயே வரும். ஜனவரி மூணாவது திங்கள் மார்ட்டின் லூதர் கிங் நாள், ஆபீஸ் லீவு, நம்ம ஆளுங்க நேரா மாலுக்குப் போவாங்க. ஒரு தடவையாவது அட்லாண்டாவுலயே இருக்கற ஆபர்ன் அவென்யூவுக்குப் போங்க, அவர் பிறந்த தெரு, அவர் பிரசங்கம் பண்ணுன எபனேசர் சர்ச், கல்லறை எல்லாம் நடக்கற தூரம், டிக்கெட் கிடையாது. 1959-ல கிங் இந்தியா வந்தப்ப தமிழ்நாட்டுக்கும் வந்தாரு, கன்னியாகுமரி வரைக்கும் போனாரு. திருவனந்தபுரத்துல ஒரு பள்ளியில அவரை அமெரிக்காவுல இருந்து வந்த ஒரு தீண்டத்தகாதவர்னு அறிமுகப்படுத்த, முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு, அப்புறம் ஆமா நான் அதுதான்னு ஒத்துக்கிட்டேன்னு பின்னாடி இதே எபனேசர் சர்ச்சுல சொல்லியிருக்காரு. சாதியை சூட்கேஸ்ல கொண்டு வந்திருக்கற நாம இதைக் கேட்டுட்டு கொஞ்சம் நெளியணும். அடுத்து பிப்ரவரி, கறுப்பின வரலாற்று மாசம், குழந்தைக்கு ஸ்கூல்ல ப்ராஜெக்ட் கொடுப்பாங்க, சார்ட் ஒட்டறதோட விடாம கூட உக்காந்து படிங்க. ஜூன் 19 ஜூன்டீன்த், அடிமை முறை முடிஞ்சதுன்ற செய்தி டெக்சாஸ் கால்வெஸ்டனுக்கு 1865-ல வந்து சேர்ந்த நாள், லிங்கன் பிரகடனம் போட்டு ரெண்டரை வருஷம் கழிச்சு! 2021-ல இருந்துதான் நாடு முழுக்க அரசு விடுமுறை.

பேச்சு விஷயத்துல, பிளாக்னு சொல்லலாம், ஆஃப்ரிக்கன் அமெரிக்கன்னும் சொல்லலாம். நீக்ரோன்னு ஊர்ல பழைய பாடப் புத்தகத்துல படிச்சிருப்போம், அதை இங்க வாயில எடுக்காதீங்க, ராப் பாட்டுல வர்ற இன்னொரு வார்த்தையைக் கூடப் பாடக்கூடாது. தலைமுடியைத் தொட்டுப் பார்க்காதீங்க. தமிழ்ல பேசுனா புரியாதுன்னு லிஃப்ட்ல நின்னுக்கிட்டு கமென்ட் அடிக்காதீங்க, தொனியே காட்டிக் கொடுத்துடும்.

ஒரு வார இறுதி ஒதுக்கி அலபாமா மான்ட்கமரிக்குப் போய்ட்டு வாங்க, ஐ-85-ல ரெண்டரை மணி நேரம். 2018-ல திறந்த ஒரு நினைவிடம் இருக்கு, கும்பல் அடிச்சுக் கொன்ன 4,400-க்கு மேற்பட்டவங்களுக்காகக் கட்டுனது. துருப்பிடிச்ச நிறத்துல ஆளுயர இரும்புத் தூண்கள் 800-க்கு மேல, கவுண்டிக்கு ஒண்ணு, அதுல பேரும் தேதியும். உள்ள போகும்போது தூண் நம்ம கண் உயரத்துல நிக்கும், நடக்க நடக்க தரை இறங்கிக்கிட்டே போகும், தூண் எல்லாம் தலைக்கு மேல தொங்க ஆரம்பிச்சிடும், அண்ணாந்து பார்த்துத்தான் பேரைப் படிக்கணும். ரொம்பச் சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. எந்தக் கிழமை திறந்திருக்கும்னு பார்த்துட்டுக் கிளம்புங்க.

அக்கம்பக்கத்துல, ஆபீஸ்ல கறுப்பின நண்பர் யாராவது குக்அவுட்டுக்கு (வெளியில சமைச்சுக் கூடிச் சாப்பிடற விருந்து) கூப்பிட்டா சாக்கு சொல்லாம போங்க. வெண்டைக்காயும் காராமணியும் ஆப்பிரிக்காவுல இருந்து இங்க வந்து சேர்ந்த சாப்பாடுதான், புது வருஷத்தன்னிக்கு காராமணியும் கீரையும் அவங்க வீட்டுல கட்டாயம் இருக்கும், நம்ம நாக்குக்கு நல்லாவே ஒத்துப் போகும். சைவக்காரங்க மட்டும் கீரைதானன்னு அள்ளிப் போட்டுக்காதீங்க, பன்னி எலும்போ வான்கோழியோ போட்டுத்தான் பெரும்பாலும் வேக வைப்பாங்க, கேட்டா மறைக்காம சொல்லுவாங்க. கொண்டு போறதுக்கு எலுமிச்சை சாதம் ஒரு ட்ரே போதும், தட்டு காலியாகும். பொட்டேட்டோ சாலட் மட்டும் செஞ்சுட்டுப் போயிடாதீங்க, அதை யார் செய்யறதுங்கறது அவங்க குடும்பத்துக்குள்ளயே பெரிய பஞ்சாயத்து.