குளிர்கால மலைப்பயணத்துக்கு வான் வாகனத்தைத் தங்குமிடமாக்குவது எப்படி?

குளிர் நாடுகளில் வேட்டைக்குச் செல்பவர்கள், சக்கரம் பூட்டிய சிறு வீடொன்றை வாகனத்தின் பின்னால் கட்டி இழுத்துச் சென்று காட்டோரத்தில் நிறுத்திவிட்டு, விடியுமுன் இறங்கிப் போவதும் மாலையில் திரும்பி ஈரம் உலர்த்தி உறங்குவதுமாகப் பல நாட்கள் அதிலேயே தங்குவார்கள். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் அதிகாலைப் பறவைகளையும் மரைகளையும் பார்க்க விரும்புபவருக்கும் இந்த முறை மிகப் பொருந்தும். ஆனால் இரண்டு பொருள்களை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்: ஒன்று துப்பாக்கி, மற்றையது அந்த இழுவை வீடு.

துப்பாக்கியைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர், ஹோர்ட்டன் சமவெளியில் வேட்டைநாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கொன்ற காலம் போய்விட்டது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இப்போது மரையையும் சிறுத்தையையும் காக்கிறது. அந்தச் சமவெளியும் 1988 முதல் தேசிய பூங்காவாக இருக்கிறது. அப்படியிருந்தும் தேயிலை மலைகளில் காட்டுப்பன்றிக்கு வைக்கப்படும் கம்பிச் சுருக்குகளில் சிறுத்தைகள் மாட்டுவது நிற்கவில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்துபோனது. ஆகவே இந்த விளக்கம் முழுவதும் கமராவும் தொலைநோக்கியும் கொண்டு செல்பவருக்கானது.

இழுவை வீட்டை விடச் சொல்வதற்குக் காரணம் நமது வீதிகள். றம்பொடைப் பக்கத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் தனி வாகனமே எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்க இடம் தேடுகிறது. பின்னால் இழுபடும் வண்டியோ முன்வாகனத்தின் தடத்தில் வராமல் வளைவின் உட்பக்கத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். ஒஹியவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறும் ஒடுங்கிய பாதையில் அதைப் பின்னுக்கு எடுக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மலைநாட்டில் வாகனம் ஓட்டிய எவரும் அறிவர். அதற்குப் பதிலாக, ‘டொல்பின்’ எனப்படும் டொயோட்டா ஹையேஸ் வகை வான் ஒன்று போதும்; இருவர் கால் நீட்டிப் படுக்கலாம்.

முதற்படி: காலத்தைத் தெரிவு செய்யுங்கள்

தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையிலான மாதங்களில் நுவரெலியா, ஹட்டன் பக்கங்கள் தொடர்ந்து நனைந்திருக்கும். வடகீழ்ப் பருவமழை தணியும் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரையான காலமே பொருத்தமானது. குளிர் அப்போதுதான் கடுமை. ஆனால் வானம் தெளிந்திருக்கும், வட நாட்டிலிருந்து வலசை வந்த பறவைகளும் இன்னும் திரும்பியிருக்கமாட்டா. ஏப்ரல் ‘சீசனில்’ போகாதீர்கள். பறவைகளைவிட வாகனங்களையே அதிகம் பார்ப்பீர்கள்.

உயரம் 1000 மீற்றர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்திலும், ஹோர்ட்டன் சமவெளி 2100 மீற்றருக்கு மேலும் உள்ளன. மேகமில்லாத ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் இங்கே புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு.

இரண்டாம் படி: வானின் உட்புறத்தை அமையுங்கள்

புதியவர்கள் தவறு செய்வது இங்கேதான். குளிரைத் தடுக்க வேண்டும் என்று எண்ணிக் கண்ணாடிகளை ஏற்றி, இடைவெளிகளில் துணி திணித்து, வானை டப்பாபோல் அடைத்துவிடுகிறார்கள். எனது முதல் பயணத்தில் நானும் அதையே செய்தேன். அம்பேவெலப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயன் ஒன்றின் அருகே நிறுத்த அனுமதி கேட்டபோது, அங்கிருந்த முதியவர் வானைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, பனிக்குப் பயந்து எல்லாத்தையும் சாத்திட்டுப் படுத்தா உள்ளுக்குத்தான் மழ பெய்யும்” என்றார். சிரித்துவிட்டுப் படுத்தேன். அதிகாலை மூன்று மணிக்கு நெற்றியில் சொட்டு விழுந்து விழித்தேன். கூரைத் தகட்டில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. கண்ணாடிகளில் வழிந்த நீர் கதவின் ரப்பரில் தேங்கி நின்றது. மெத்தையின் மூலையைத் தூக்கியபோது அடியிலிருந்த பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் கறுத்திருந்தது.

அந்த நீர் வெளியிலிருந்து வந்ததன்று. உறங்கும் ஒருவரின் மூச்சிலும் வியர்வையிலும் ஓரிரவில் ஏறத்தாழக் கால் லீற்றர் நீர் வெளியேறுகிறது. இருவர் என்றால் அரை லீற்றர். அது குளிர்ந்த தகட்டில் பட்டு மீண்டும் நீராகிறது. ஈரமான படுக்கை சூடு தராது. ஆகவே நமது மலையில் பகை குளிரைக் காட்டிலும் ஈரம்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே எல்லா ஏற்பாடுகளையும் செய்ய வேண்டும்.

எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள இரண்டு கண்ணாடிகளை இரண்டு விரல் அகலத்துக்கு இறக்கியே வையுங்கள். கதவுகளுக்கு மேல் மழைத்தடுப்புப் பிளாஸ்டிக் பொருத்தியிருந்தால் சாரல் உள்ளே வராது. ஏனைய கண்ணாடிகளுக்கு, வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் விரிப்பை அளவாக வெட்டி உட்புறமாகச் செருகுங்கள். அது கண்ணாடியில் நீர் கோப்பதைக் குறைக்கும். தரைத் தகட்டின்மேல் ரெஜிபோம் பலகையும் அதன்மேல் ஒட்டுப்பலகையும் இடலாம்.

படுக்கையை நேரே பலகையில் விரிக்காதீர்கள். இரண்டு அங்குல இடைவெளி விட்டு அடித்த மரச் சட்டங்களின் மேல் விரித்தால் அடியில் காற்று ஓடும். ஃபோம் மெத்தையைவிடத் தும்பு மெத்தை இதற்கு நல்லது என்பது என் கருத்து. பாரம் கூடுதல்தான், ஆனால் ஈரத்தைத் தேக்கிவைக்காது. இவை அனைத்தையும் கழற்றி எடுக்கக்கூடியவாறு அமையுங்கள். இருக்கைகளை நிரந்தரமாக அகற்ற எண்ணுபவர்கள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்ட பிறகே கைவைக்க வேண்டும்.

முன் இருக்கைகளுக்குப் பின்னால் தடித்த திரையொன்றைத் தொங்கவிடுங்கள். திரைக்கு முன்னால் உள்ள பகுதி ஈரத்துக்குரியது. நனைந்த சப்பாத்து, மழைக்கோட்டு, குடை எல்லாம் அங்கேயே கிடக்கட்டும். திரைக்குப் பின்னால் உலர்ந்த பொருள் மட்டுமே செல்லலாம். இந்த ஒரு விதியை விருந்தாளியிடமும் வலியுறுத்துங்கள்.

மூன்றாம் படி: வானைச் சூடாக்காதீர்கள், உங்களைச் சூடாக்குங்கள்

எரிவாயு அடுப்பையோ கரிச் சட்டியையோ வானுக்குள் சூட்டுக்காக எரிக்கவே கூடாது. குறைவான காற்றில் எரியும்போது உண்டாகும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிணைவதால், உறங்குபவர் விழிக்காமலே இறந்துபோகலாம். தலைவலியும் குமட்டலும் தோன்றினால் குளிரைப் பாராமல் உடனே வெளியே இறங்குங்கள். இலவச அம்பியூலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. இதற்கு அப்பால் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு கிலோகிராம் சமையல் எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோகிராமுக்கும் அதிகமான நீராவி பிறக்கிறது. சூடேற்றுவதாக எண்ணி ஈரத்தையே நிரப்புகிறீர்கள்.

படுக்கப் போகுமுன் ரப்பர் சுடுதண்ணீர்ப் பையை நிரப்பிக் கால்மாட்டில் வையுங்கள். விடியும்வரை இளஞ்சூடு நிற்கும். உறங்கும்போது மட்டும் அணிய ஒரு சோடிக் காலுறையைத் தனியாக வைத்து, அதை வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். கொழுந்தெடுக்கும் நம் பெண்கள் மழைக்கு எதிராக முதுகில் போட்ட கம்பளியும் இடுப்பில் கட்டிய படங்கும் இந்தக் குளிருக்காகவே உண்டான உடைகள். ஓரளவு நனைந்தாலும் ஆட்டுமயிர்க் கம்பளி உடலின் சூட்டைப் பிடித்து வைக்கும், பருத்தி வைக்காது. பழைய கம்பளி வீட்டில் கிடந்தால் எடுத்துச் செல்லுங்கள். தடித்த ஜக்கெட் இல்லாதவர்கள் நுவரெலியா நகரத்துக் கடைகளில் மலிவாக வாங்கலாம்.

நான்காம் படி: நிறுத்துமிடம்

தோட்டத்துப் பாதையில் நிறுத்துவதாயின் தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். தேசிய பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இரவு தங்க முடியாது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் விடுதியையோ முகாமிடத்தையோ முற்பதிவு செய்தவருக்கே அந்த உரிமை. மற்றவர்கள் பட்டிப்பொலப் பக்கத்தில் தங்கி, வாயில் திறக்கும் காலை ஆறு மணிக்குச் செல்வது நல்லது.

குளிர்ந்த காற்று பாரமானது. இரவில் அது நீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. உறைபனிக்குப் பிறகு தேயிலைக் கொழுந்து எங்கே கருகிக் கிடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது ஓடையோரத் தாழ்நிலமாகவே இருக்கும். கொழுந்து கருகும் இடத்தில் வானை நிறுத்தாதீர்கள். உச்சியில் காற்று அடிக்கும் என்பதால், சரிவின் நடுப்பகுதியில் உள்ள சமதளமே சிறந்தது.

ஆனால் எந்தச் சரிவு என்பதையும் பார்க்க வேண்டும். மண்ணை வெட்டிய செங்குத்துக் கரையின் கீழும், புதிதாக வெடிப்பு விட்ட நிலத்திலும், திடீரெனக் கலங்கிய ஊற்று பாயும் இடத்திலும் ஒருபோதும் தங்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மூடிய மண்சரிவை மலையகத்தில் எவரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. மஞ்சள் நிலையிலேயே பயணத்தைத் தள்ளிவைப்பது என் வழக்கம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

நிறுத்தியபின் கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் விட்டு, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். தளம் சிறிது சரிந்திருந்தால் தலைமாடு மேட்டுப்பக்கம் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: சமையல்

சமையல் முழுவதும் வெளியே, தூக்கிய பின்கதவின் கீழ் நடக்க வேண்டும். 2.3 கிலோகிராம் சிலிண்டர் மூன்று நாட்களுக்குத் தாராளம். எரிவாயு காற்றைவிடப் பாரமானது என்பதால் கசிந்தால் வானின் தரையிலேயே தேங்கும். எனவே இரவில் சிலிண்டரை வெளியே, பயணத்தில் வால்வை மூடி ரெகியுலேட்டரைக் கழற்றி நிமிர்த்தி வையுங்கள். ஹோர்ட்டன் சமவெளி உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பு வேகத் தாமதமாகும்; காலையிலேயே ஊறவைத்துவிட்டுப் போங்கள். எனக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயும் போதும். மிச்சத்தை வெளியே கொட்டாதீர்கள். பன்றி வரும், பன்றியைத் தேடிச் சிறுத்தையும் வரலாம்.

ஆறாம் படி: விடியற்காலை

டீசல் வானாயின் சாவியை முதலில் பாதி திருப்பி, சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கமராவை இரவில் திரைக்கு முன்னால் உள்ள குளிர்ந்த பகுதியிலேயே பையில் மூடி வைத்தால் காலையில் லென்ஸில் ஆவி படியாது; படுக்கைப் பகுதிக்குள் எடுத்து வந்தால் உங்கள் மூச்சின் ஈரம் முழுவதும் அதில்தான் படியும். பற்றரியை மட்டும் கழற்றி உங்களுடன் கம்பளிக்குள் வையுங்கள், ஏனெனில் குளிரில் அதன் சக்தி விரைவில் இறங்கும்.

பூங்கா வாயிலில் பொலிதீன் உறைகளைக் களைந்துவிடுவார்கள். சாப்பாட்டை முன்னரே டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். பட்டிப்பொலப் பக்கமாக உள்ளே செல்பவர்கள் வீதியோரத்து அரங்காக் குளத்தருகே வாகனத்தை விட்டிறங்காமல் அமைதியாகக் காத்திருந்தால், இலங்கைக்கே உரிய நீலச் சீழ்க்கைப் பூங்குருவி தென்படக்கூடும். வெயில் ஏறிவிட்டால் அது மறைந்துவிடும். மாலையில் நகரத்து விக்டோரியா பூங்காவின் ஓடையோரத்தில் ஆறுமணிக்குருவியையும் காசுமீர ஈப்பிடிப்பானையும் தேடுங்கள். சமவெளி வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் பழக்கப்பட்ட மாடுகள்போல் அருகே வரும், பிஸ்கட் நீட்டாதீர்கள்.

ஏழாம் படி: இறக்கமும் உலர்த்தலும்

ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் எரிந்த நாற்றம் வரும். வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள், சில்லில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே, களைப்பாக இருந்தாலும், மெத்தையை வெயிலில் போட்டு வானின் கதவுகள் அனைத்தையும் திறந்துவையுங்கள். மரச் சட்டங்களின் அடிப்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தோன்றியிருந்தால் வினாகிரி நனைத்த துணியால் துடைத்து, நன்கு காய்ந்த பிறகே மீண்டும் பூட்டுங்கள். அடுத்த முறை கண்ணாடியை இன்னும் ஒரு விரல் இறக்கி வையுங்கள்.