பனிமலை போஸ்ட்டில் ஒரு விசாரணை: போர் நாவலைக் கட்டும் விதம்

சியாச்சினில் 18,000 அடியில் ஒரு போஸ்ட். ராத்திரி துப்பாக்கிச் சத்தம்; விடிந்தால் ஒரு சிப்பாய் செத்துக் கிடக்கிறார். மறுநாளே விசாரணை அதிகாரியை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கினால் நாவல் அங்கேயே படுத்துவிடும். சமவெளியிலிருந்து வருகிறவரை ராணுவம் நேராக மேலே ஏற்றாது. 9,000 அடிக்கு மேல் 6 நாள், 12,000 தாண்டினால் 4 நாள், 15,000 தாண்டினால் இன்னொரு 4 நாள் என்று உடம்பைப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோத்து அவரே ஸ்ட்ரெச்சரில் இறங்குவார்.

ஆக, 14 நாள். அதற்குள் பனி தடயத்தை மூடியிருக்கும். ஒரே குடிலில் படுத்தெழும் ஏழெட்டுப் பேரும் ஒரே கதையைச் சொல்லப் பழகியிருப்பார்கள். இதை இரண்டு வரியில் தாண்டாதீர்கள். கதை ஊறுவதே இங்கேதான். சாட்சிகளைக் கீழே பேஸ் கேம்ப்புக்கு வரவழைக்கவும் செய்யலாம். ஆனால் மாற்று ஆள் மேலே ஏறியாக வேண்டும், அது வானிலையின் கையில்.

முதலில் கூடுவது தண்டனை தரும் ராணுவ நீதிமன்றமான கோர்ட் மார்ஷல் அல்ல, கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற விசாரணைக் குழு. பெயரில்தான் கோர்ட், தண்டனை கிடையாது. வழக்கமாகத் தலைமை அதிகாரி ஒருவர், உறுப்பினர் இருவர். சாட்சியம் திரட்டி, அறிக்கை எழுதி மேலே அனுப்புவதோடு சரி. 1954ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் இரண்டை மனப்பாடமே செய்துகொள்ளுங்கள். விதி 180: எவருடைய நடத்தைக்கோ ராணுவப் பெயருக்கோ களங்கம் வரும்போல் இருக்கிறதோ, அவர் விசாரணை முழுக்க உட்கார்ந்து கேட்கலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். சந்தேகம் ஒரு ஹவில்தார் மேல் என்றால், அவர் எதிரில் உட்கார்ந்திருக்க, அவரைப் பற்றி அவருடைய சிப்பாயே சொல்ல வேண்டிவரும். விதி 182: அங்கே ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும், பொய்ச் சாட்சி வழக்கு தவிர வேறெதிலும் அதை அவருக்கு எதிராகச் சாட்சியமாக்க முடியாது. கண்ணீரும் ஒப்புதலுமாக நாவலை முடிப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். பிறகு கமாண்டிங் ஆபீசர் முன் குற்றச்சாட்டு, சாட்சியத்தைப் புதிதாகப் பதிவது, அப்புறம் கோர்ட் மார்ஷல். ஒப்புக்கொண்ட ஆள் அங்கே வாயே திறக்காவிட்டால்? அதை எழுதுங்கள்.

தடயத்தையும் அந்தக் குளிரிலிருந்தே எடுங்கள். சூடான குடிலுக்குள் வந்த ரைபிளில் ஈரம் படியும்; வெளியே போனதும் உறைந்து, தோட்டாவை ஏற்றும் போல்ட் இறுகும்; வரிசையாகச் சுட வராது. இப்போது ஒரு சிப்பாயின் சாட்சியத்தைக் கேளுங்கள்:

"ராத்திரி பூரா ரைபிள் ஸ்டவ் பக்கத்துலதான் இருந்துச்சு, சாப். எடுத்துட்டு ஓடி, பத்து நிமிஷம் வெளியில நின்னு, வரிசையா மூணு ரவுண்டு சுட்டேன்."

விசாரிக்க வந்த புதிய மேஜர் அப்படியே எழுதிக்கொள்வார். பக்கத்திலிருக்கும் சுபேதார் மட்டும் தலை நிமிர்வார்.

எல்லா முரண்பாடும் பொய் அல்ல என்பதும் கவனத்தில் இருக்கட்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. தூக்கம் கெடும், நினைவு மங்கும். நிமிஷ சுத்தமாக நேரம் சொல்லும் சாட்சியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

போஸ்ட்டிலேயே வாக்குமூலம் எழுதும் காட்சி என்றால் மேஜர் கையில் பால்பாயின்ட் பேனா வேண்டாம். மை உறைந்துவிடும். பென்சில் கொடுங்கள்.