நான் விசுவல் லேர்னர் எண்டு பட்டம் கட்டுறதுக்கு முதல்: மட்டக்களப்பு மெடிக்கல் புள்ளைகளுக்கு

ஃபர்ஸ்ட் இயர் புள்ளைகள் கன பேர் வார்க் (VARK) குவிஸ் ஒண்ட, அதாவது நீங்க எந்த ஸ்டைல்ல படிக்க விரும்புறீங்க எண்டு சொல்ற கேள்வித்தாள செஞ்சிட்டு, நான் விசுவல், பார்த்துப் படிக்கிற ஆள், எனக்கு புத்தகம் சரிவராது எண்டு திரியிறாங்க. பார்த்து, கேட்டு, வாசிச்சு எழுதி, செஞ்சு பார்த்து எண்டு நாலு வகை, நியூசிலாந்துல நீல் ஃப்ளெமிங் 1987ல உருவாக்கினது. 16 கேள்விதான், செஞ்சு பாருங்க, ஒண்டும் நட்டமில்ல. கன பேருக்கு ரெண்டு மூணு கலந்துதான் வரும்.

ஆனா அதுல வந்த விடைய வெச்சு மத்ததையெல்லாம் விட்டுப்போடாதீங்க. 2008ல பாஷ்லர் எண்ட உளவியல் ஆய்வாளரும் இன்னும் மூணு பேரும் அதுவரைக்கும் வந்த ஆய்வெல்லாம் கிளறிப் பார்த்துட்டு, ஸ்டைலுக்கு ஏத்த மாதிரி படிப்பிச்சா மார்க்ஸ் கூடும் எண்டதுக்கு போதுமான ஆதாரம் இல்ல எண்டுட்டாங்க. இந்தியானா யூனிவர்சிட்டியில அனாட்டமி புள்ளைகள வெச்சுப் பார்த்ததுலயும் அதே கததான், தன்ட ஸ்டைல்படி படிச்ச ஆக்களுக்கு மார்க்ஸ் கூடல்ல.

அப்ப என்ன செய்யிற? பாடம் எத கேக்குதோ அத குடுங்க.

பிரேக்கியல் பிளெக்ஸஸ, அதாவது கைக்குப் போற நரம்புப் பின்னல எடுங்க. வீடியோவ பத்துத் தரம் பார்த்தாலும் தலையில நிக்காது. புத்தகத்த மூடிட்டு வெறும் தாள்ல சி5 தொடக்கம் டி1 வரைக்கும் அஞ்சு ரூட்ட போடுங்க, சி5ம் சி6ம் சேர்ந்து மேல் ட்ரங்க், சி7 தனியா நடு, சி8ம் டி1ம் கீழ, பிறகு ஆறு டிவிஷன், மூணு கோர்ட். எங்க கை நிக்குதோ அங்கதான் உங்களுக்கு ஓட்ட, அத மட்டும் புத்தகத்துல பாருங்க, திரும்ப முதல்ல இருந்து கீறுங்க. கீறி முடிச்சா ரேடியல் நேர்வ் போனா ஏன் மணிக்கட்டு தொங்குது எண்டு பக்கத்துல இருக்கிறவருக்கு வாயால சொல்லுங்க.

மர்மருக்கு, அதாவது இதயத்துல கேக்கிற அசாதாரண சத்தத்துக்கு, இது சரிவராது. மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதயத்துல மைட்ரல் வால்வு சுருங்கிற நோய்) எப்பிடி கேக்கும் எண்டு எவ்வளவு வாசிச்சாலும் காது பழகாது. கல்லடியில பஸ் ஏறினா ஹெட்ஃபோன்ல ரெக்கோர்டிங்க கேளுங்க, பிறகு டீச்சிங் ஹொஸ்பிட்டல் வார்டுல நோயாளிக்கிட்ட கேட்டு, அவர இடப்பக்கம் சரியச் சொல்லி, இதயத்துட நுனிப் பக்கம், ஏபெக்ஸ்ல, ஸ்டெதஸ்கோப்புட பெல்ல வெச்சு, மூச்ச வெளிய விட்டு நிப்பாட்டச் சொல்லிக் கேளுங்க. பயோகெமிஸ்ட்ரிக்கு எழுதிப் பார்க்கிற பேனைதான், வேற வழியில்ல.

ஹைலைட்டர் பத்தி ஒண்டு, கொப்பி முழுக்க மஞ்சளாக்கிறது படிப்பில்ல. பாஸ்ட் பேப்பர செய்யுங்க, படிச்சத அடுத்த நாள் ஒருக்கா, மூணு நாள் விட்டு ஒருக்கா, ஒரு கிழமை விட்டு ஒருக்கா பார்க்காம சொல்லிப் பாருங்க. எந்த ஸ்டைல்காரருக்கும் இது வேலை செய்யும்.

குப்பிக்கு, அதாவது புள்ளைகளே ஒராளுக்கொராள் படிப்பிக்கிற கூட்டத்துக்கு, போனா வாயப் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க, ஒரு டொப்பிக்க நீங்க எடுங்க. தமிழ் மீடியத்துல இருந்து வந்த ஆக்கள் முதல்ல தமிழ்லயே விளங்கிக்கொள்ளுங்க, அதுல வெக்கமில்ல, ஆனா விடைய இங்கிலீஷ்ல சத்தமா சொல்லிப் பழகுங்க, வைவாவுல, வாய்மொழிப் பரீட்சையில, கேக்கிறது அதுலதான். சிங்கள பேட்ச்மேட் ஒராள் குப்பியில இருந்தா இன்னும் நல்லம், அவருக்கு விளங்கப்படுத்த இங்கிலீஷ் தானா வந்துரும், வார்டுல தமிழ் ஆக்கள்ட ஹிஸ்டரி எடுக்கக்குள்ள அவருக்கு நீங்க உதவலாம்.