மாயாஜாலக் கதை வசனங்களை அன்றாடப் பேச்சில் எடுத்துவிடுவது எப்படி?

சின்ன வயதில் கதையில் படித்த ஒரு வரி மனசின் மூலையில் கிடக்கும். அதைச் சொல்ல அருமையான சந்தர்ப்பம் வரும். வாய் வரைக்கும் வந்துவிடும். "இவனுக்கு என்ன ஆச்சு?" என்று எதிரில் இருப்பவர் பார்த்துவிடுவாரோ என்று விழுங்கிவிடுவோம். அப்படி விழுங்கியே பழகியவர்களுக்குத்தான் இந்தச் செய்முறை. கோலாலம்பூரில் இருந்தாலும் சரி, பினாங்கில் இருந்தாலும் சரி, ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். இல்லையென்றால் கைப்பேசியில் ஒரு பக்கம். பழகிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பதால் ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) செலவும் ஆகலாம்.

தொடங்கும் முன் ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வசனத்தில் பாதிதான் உங்களுடையது. மீதிப் பாதியை எதிரே இருப்பவர் சொல்ல வேண்டும், குறைந்தபட்சம் மனசுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். எனவே "எனக்கு எந்த வசனம் பிடிக்கும்?" என்பது இரண்டாவது கேள்வி. "இவருக்கு எந்தக் கதை தெரியும்?" என்பதே முதல் கேள்வி. கீழே வரும் படிகள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

படி 1: ஞாபகத்திலிருந்து எடுங்கள்

இணையத்தில் "சிறந்த நூறு வசனங்கள்" என்று தேட வேண்டாம். அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் வேறு யாருக்கோ பிடித்தவை, வாயில் ஒட்டாது. தேடாமல் தானாக நினைவுக்கு வரும் ஏழெட்டு வரிகள் போதும்.

மலேசியாவில் வளர்ந்தவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாட்டி சொன்ன கதையும் அம்புலிமாமாவும் தந்த வேதாளம், பூதம், ஏழு கடல் ஏழு மலை ஒரு பக்கம். பள்ளியில் மலாய்ப் பாடத்தில் சந்தித்த சாங் கஞ்சில் என்ற தந்திரக்காரச் சருகுமானும் குனோங் லேடாங் மலையின் மாய இளவரசியும் இன்னொரு பக்கம். ஆங்கிலத்தில் படித்த ஆலிஸ் போன்றவர்கள் மூன்றாவது. நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்று எழுதி வையுங்கள். அம்மா, அலுவலகத்து ஃபரிடா, மச்சான் என்று ஆள் பேரே எழுதினால் இன்னும் நல்லது. யார் பேரும் எழுத முடியாத வரி, எவ்வளவு அழகாக இருந்தாலும், இப்போதைக்கு உங்களுக்கு மட்டும்தான்.

படி 2: வசனம் உண்மையில் கதையில் இருக்கிறதா என்று பாருங்கள்

"எங்கே போகிறோம் என்று தெரியாவிட்டால் எந்தச் சாலையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்" என்று ஒரு பூனைப் படத்தோடு ஒரு வரி சுற்றி வருகிறதே, பார்த்திருப்பீர்கள். 1865-ல் வெளிவந்த 'அற்புத உலகில் ஆலிஸ்' கதையில் வரும் சிரிக்கும் பூனை சொன்னதாகப் போடுவார்கள். புத்தகத்தில் அந்த வரி கிடையாது. அங்கே இருப்பது ஒரு உரையாடல். நான் எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஆலிஸ் கேட்கிறாள். நீ எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைப் பொறுத்தது என்கிறது பூனை. எங்கே என்றாலும் எனக்குப் பரவாயில்லை என்கிறாள். அப்படியானால் எந்த வழியில் போனால்தான் என்ன என்று முடிக்கிறது பூனை.

போலி வரி தத்துவம் மாதிரி நிற்கிறது. அசலில் இரண்டு பேர் பேசுகிறார்கள். நமக்குத் தேவையானதும் அதுதான். பினாங்கில் ராத்திரி ஒன்பது மணிக்கு நாலு பேர் காரில் ஏறினால் என்ன நடக்கும்?

"எந்தப் பக்கம் திருப்பட்டும்?"

"எங்கே சாப்பிடப் போறோம்?"

"எங்கேன்னாலும் ஓகே லா."

"அப்ப எந்தப் பக்கம் திருப்பினாத்தான் என்ன?"

கடைசி வரியைச் சொல்பவர் பூனை. கதை தெரிந்தவர் சிரிப்பார். தெரியாதவருக்கும் அது நியாயமான கேள்விதான். கதை தெரியாதவர் காதிலும் சாதாரணப் பேச்சாக விழுந்து அர்த்தம் தருகிற வசனம் புதியவருக்கு மிகப் பாதுகாப்பானது. அதிலேயே தொடங்குங்கள்.

படி 3: வாய்க்கு அடங்கும் அளவுக்கு நறுக்குங்கள்

"தன் முயற்சியில் சற்றும் மனம் தளராத விக்கிரமன்" என்று தொடங்கும் வாக்கியம் அம்புலிமாமா படித்த எல்லோருக்கும் மனப்பாடம். 1947-ல் தொடங்கிய பத்திரிகை அது. தாத்தா முதல் பேரன் வரை அந்த ஒரு வரியில் வந்து சேர்ந்துகொள்வார்கள். ஆனால் முழு வாக்கியத்தையும் ஒப்பித்தால் பேச்சுப் போட்டி மாதிரி ஆகிவிடும். "மனம் தளராத விக்கிரமன் வந்தாச்சு" போதும். கார் ஓட்டும் தேர்வில் மேட்டில் இஞ்சின் நின்று போய், மறுபடியும் பணம் கட்டிவிட்டு வருகிற தம்பியிடம் சொல்லிப் பாருங்கள். ஆறுதல் சொன்ன மாதிரியும் இருக்கும், சீண்டிய மாதிரியும் இருக்கும்.

வேதாளம் முருங்கை மரம் ஏறுவதை, பழைய குணம் திரும்பியது என்பதற்கு எல்லோரும் சொல்கிறோம். சிகரெட்டை விட்டவர் மறுபடி ஆரம்பித்தால் வேதாளம் ஏறிவிட்டது. அதில் தப்பில்லை. ஆனால் கதையை நினைத்துப் பாருங்கள். வேதாளம் சும்மா ஏறுவதில்லை. ராஜா வாய் திறக்காமல் தூக்கிக்கொண்டு நடக்கிறவரை தோளிலேயே இருக்கிறது. கதை சொல்லி, கேள்வி கேட்டு, பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும் என்று மிரட்டுகிறது. ராஜா பதில் சொல்கிறார், மௌனம் கலைகிறது, பிணத்தோடு மரத்துக்குப் பறந்துவிடுகிறது. ஆக, அமைதியாக முடியப்போன காரியம் யாரோ வாய் திறந்ததால் முதலிலிருந்து ஆரம்பிக்கும்போதுதான் இந்த வசனம் அச்சாகப் பொருந்துகிறது.

அலுவலகக் கூட்டம் ஐந்தே முக்காலுக்கு முடியப் போகிறது. எல்லோரும் மடிக்கணினியை மூடிவிட்டார்கள். "வேற ஏதாச்சும்?" என்று மேலாளர் பேச்சுக்குக் கேட்கிறார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஒரே ஒரு கேள்வி பொஸ்..." பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: "ஏறிடுச்சு." வேதாளம் என்ற சொல்கூடத் தேவையில்லை. அவ்வளவு தூரம் நறுக்க முடிந்தால் நீங்கள் புதியவர் இல்லை.

படி 4: சந்தர்ப்பத்தோடு முடிச்சுப் போடுங்கள்

நோட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே, உங்கள் வாழ்க்கையில் அடிக்கடி வரும் ஒரு இடத்தை எழுதுங்கள். என் பக்கத்திலிருந்து சில.

கடவுச்சொல் மறந்துபோன நேரத்துக்கு அலிபாபாவின் அண்ணன் காசிம். "திறந்திடு சீசேம்" எல்லோருக்கும் தெரியும். குகைக்குள் மாட்டிக்கொண்ட காசிமுக்கு அந்த ஒரு சொல் மட்டும் மறந்து, பார்லி அது இது என்று தானியப் பேராகச் சொல்லிப் பார்ப்பார், கதவு திறக்காது. வங்கிச் செயலி "தவறான கடவுச்சொல்" என்று இரண்டாவது தடவை சொல்லும்போது "பார்லி" என்று முணுமுணுத்தால் போதும்.

மந்திரவாதியின் உயிர் இருக்கும் கிளி: ஏழு கடல் ஏழு மலை தாண்டி இருப்பது. எல்லா அலுவலகத்திலும் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் புரிகிற ஒரு எக்செல் கோப்பு இருக்கும். அதுதான் கிளி.

சாங் கஞ்சில்: ராஜா உத்தரவு என்று சொல்லி முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, எண்ணிக்கொண்டே முதுகு மேல் தாவி ஆற்றைக் கடந்த சருகுமான். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) தண்ணி ஆர்டர் எடுக்க விரல் நீட்டி ஆள் எண்ணுகிற நண்பருக்கு.

கண்ணாடிக்குள் போன ஆலிஸிடம் சிவப்பு ராணி சொல்வது, 1871-ல் வந்த இரண்டாம் கதையில்: இங்கே இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்றால் முடிந்த மட்டும் ஓட வேண்டும். சம்பள உயர்வும் வீட்டு வாடகை உயர்வும் ஒரே மாதத்தில் வருகிறபோது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது குனோங் லேடாங் இளவரசி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த நாட்டில் மூன்று இனத்தாரிடமும் செல்லுபடியாகும் கதை இது. ஜொகூரில், மலாக்கா எல்லையை ஒட்டி நிற்கும் 1,276 மீட்டர் மலை. அங்கே வாழும் மாய இளவரசியைப் பெண் கேட்டு மலாக்கா சுல்தான் மஹ்மூட் ஷா ஆள் அனுப்பியதாகச் சொல்கிறது செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் வரலாற்று நூல். நேரடியாக முடியாது என்று சொல்லாமல் அவள் சீர் கேட்கிறாள்: மலையிலிருந்து மலாக்காவுக்கு ஒரு பொன் பாலம், ஒரு வெள்ளிப் பாலம். ஏழு தாம்பாளம் கொசு நெஞ்சு. ஏழு தாம்பாளம் சிற்றுண்ணி நெஞ்சு. ஒரு தாழி கண்ணீர், ஒரு தாழி பாக்குச் சாறு. கடைசியில் சுல்தானின் இரத்தம் ஒரு கிண்ணம், இளவரசனின் இரத்தம் ஒரு கிண்ணம். மற்றதெல்லாம் தரலாம் என்ற சுல்தானுக்கு இரத்தத்தில் மனம் வரவில்லை. கல்யாணம் நின்றுபோனது.

இந்தப் பட்டியலின் அழகே, அது படிப்படியாக ஏறுவதுதான். எனவே சந்தர்ப்பத்துக்கு ஏற்ற படியை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். கோலாலம்பூரில் அறை வாடகைக்குப் போகிறீர்கள். இரண்டு மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம்: இது பொன் பாலம், நியாயம்தான், பேசாமல் கட்டுங்கள். சமைக்கக் கூடாது, விருந்தாளி வரக் கூடாது, ராத்திரி பத்துக்கு மேல் துணி துவைக்கக் கூடாது என்று நீளும்போது கூட வந்த நண்பரிடம்: "கொசு நெஞ்சுக்கு வந்துட்டாரு." வாடிக்கையாளர் ஒருவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழாவது திருத்தத்தை அனுப்பினால், மலாய்க்கார சக ஊழியரிடம் "ஹாத்தி ஞாமோக், துஜோ டூலாங்" என்று, கொசு நெஞ்சு ஏழு தாம்பாளம் என்று, சொல்லுங்கள். விளக்கமே தேவைப்படாது. அவரே "டாரா பெலும் மிந்தா லாகி" என்று, இரத்தம் இன்னும் கேட்கவில்லை என்று, முடித்து வைப்பார். மீதிப் பாதியை எதிரே இருப்பவர் சொல்ல வேண்டும் என்றேனே, இதைத்தான்.

படி 5: சொல்லும் விதம்

சாதாரணக் குரலில், ஒரே தடவை. "கதையில ஒரு வசனம் வரும் பாருங்க" என்று முன்னுரை வேண்டாம். சொன்ன பிறகு விளக்கவுரையும் வேண்டாம். யாரும் சிரிக்கவில்லையா, பேச்சை அடுத்த விஷயத்துக்கு நகர்த்துங்கள். திரும்ப இன்னும் சத்தமாகச் சொல்கிறவர்களை நமக்குத் தெரியும்.

பெரியவர்களிடம் ஒரு நுணுக்கம். கதையில் கேலிக்குரிய வேஷத்தை எப்போதும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சில் அத்தை மண்டபம், மேளம், மாலை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். "அத்தை, நீங்க லேடாங் இளவரசி மாதிரி கேக்குறீங்க" என்றால் தட்டில் இருக்கும் பலகாரம்கூட உங்களுக்குக் கிடைக்காது. "அத்தை, பொன் பாலத்துக்கு என்கிட்ட வசதி இல்ல, வெள்ளிப் பாலம் போதுமா?" என்று கேளுங்கள். சுல்தான் வேஷம் உங்களுக்கு, மரியாதை அவருக்கு. அவர் கதை தெரிந்தவர் என்றால் "முதல்ல கொசுவப் புடிச்சிட்டு வா" என்பார். பேரம் அங்கேயே இளகிவிடும். அம்மா கடைக்குப் போகச் சொன்னால் பூதம் மாதிரி "ஆலம்பனா, நான் உங்கள் அடிமை" என்று கைகட்டி நிற்பதும் இதே வகைதான்.

வாட்ஸ்அப்பில் இன்னும் சுருக்கம். மேற்கோள் குறி, பூப்படம், "காலை வணக்கம்" எதுவும் இல்லாமல் வெறும் வரி. குடும்பக் குழுவில் போடுவதைவிடத் தனி ஆளுக்கு அனுப்புவது மேல்.

படி 6: வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடங்கள்

துக்க வீடு, மருத்துவமனை, வேலை போனவர் முன்னால், கணவன் மனைவி சண்டைக்கு நடுவே. இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். அரசாங்க அலுவலக முகப்பிலும் வேண்டாம். எண் சீட்டோடு காத்திருப்பவர் வரிசைக்கும் முகப்பில் இருப்பவர் வரிசைக்கும் ஒரே மனநிலை இருக்காது.

சில கதைகளையே தள்ளி வைக்கலாம். லங்காவியின் மஹ்சூரி, செய்யாத குற்றத்துக்காகக் கொல்லப்பட்டு, ஏழு தலைமுறைக்குத் தீவைச் சபித்தவள். அவளுடைய கல்லறை இன்றும் அங்கே போற்றிக் காக்கப்படுகிறது. பார்க்கிங் இடத்தைப் பிடித்துக்கொண்டவரை ஏழு தலைமுறைக்குச் சபிப்பது நமக்கு வேடிக்கை. பக்கத்தில் லங்காவிக்காரர் இருந்தால் அவருக்கு அப்படி இருக்காமல் போகலாம்.

படி 7: பழசானதை ஓய்வுக்கு அனுப்புங்கள்

ஒரே வசனத்தை ஒரே ஆட்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தால், அவர்கள் நீங்கள் வாய் திறக்கும் முன்பே முடித்துவிடுவார்கள். முதலில் அது வெற்றி. பிறகு அலுப்பு. அவ்வப்போது நோட்டைப் புரட்டி ஒன்றிரண்டை அடித்துவிட்டுப் புதிதாக ஒன்றிரண்டு சேருங்கள். என் பக்கத்தில் இப்போது அடிபட்டிருப்பவர் காசிம். வங்கிச் செயலியெல்லாம் கைரேகை கேட்க ஆரம்பித்த பிறகு அவருக்குப் பார்லி சொல்ல வேலையே வருவதில்லை.