பூனைக்கு ஐரிஷ் பெயர்: காதால் தேர்ந்தெடுப்போம்

ஒன்பதாம் நூற்றாண்டில், தாய்நாடான அயர்லாந்தை விட்டு ஐரோப்பியப் பெருநிலத்தில் வாழ்ந்த ஐரிஷ் துறவி ஒருவர் தன் குறிப்பேட்டில் ஒரு பூனையைப் பாடி வைத்தார். அவர் சொற்பொருளைத் துரத்துகிறார். பூனை எலியைத் துரத்துகிறது. ஒருவருக்கொருவர் தொந்தரவு இல்லை. அதன் பெயர் பங்குர் பான். அந்த ஏடு இன்றும் ஆஸ்திரியாவில் ஒரு மடத்தில் இருக்கிறது. ஐரிஷ் பெயர் தேடுபவர்கள் இந்தப் பூனையிடமிருந்தே தொடங்கலாம்.

படி 1: நிறத்தைப் பாருங்கள்

'பான்' என்றால் வெள்ளை. கறுப்புக்கு 'டுவ்', சாம்பலுக்கு 'லீஅ'. செம்பழுப்புப் பூனைக்கு 'ரூஅ' மிகப் பொருத்தம். முடி, ரோமத்தின் செந்நிறத்தைச் சொல்லும் சொல் அது. நரியை அயர்லாந்தில் 'மட்ரா ரூஅ', அதாவது செந்நிற நாய் என்பார்கள். கறுப்புக் குட்டிக்குக் 'கீரான்' இன்னும் அழகு: சின்னக் கருப்பன்.

தமிழில் நிறம் முன்னால் வரும், ஐரிஷில் பின்னால் வரும். பெண் பெயருக்குப் பின் 'பான்' என்பது 'வான்' ஆகிவிடும்.

படி 2: எழுத்தை நம்பாதீர்கள்

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆங்கில எழுத்தில் பார்த்தால் 'நியாம்' என்று படிக்கத் தோன்றும் பெயரின் ஒலி 'நீவ்'. பொருள், ஒளி. 'ஒய்சின்' போலத் தெரிவது 'உஷீன்', அதாவது மான்குட்டி. நீண்ட கால்களோடு துள்ளும் குட்டிக்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியாது. இதில் குழப்பம் எதுவும் இல்லை, விதி இருக்கிறது. 'கடல்', 'பகல்' இரண்டிலும் ஒரே ககரம் இடத்துக்கேற்ப வேறு ஒலி தருகிறதல்லவா, அப்படித்தான். உயிரெழுத்தின் மேல் சாய்ந்த கோடு இருந்தால் நெடில்.

பெயரைக் கேட்டு, தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். நம் குறில் நெடில் அதைப் பத்திரமாக வைத்திருக்கும்.

படி 3: அழைத்துப் பாருங்கள்

பூனைகள் தம் பெயரை மற்ற சொற்களிலிருந்து பிரித்தறிவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினார்கள். அழைக்கக் குறுகிய பெயரே நல்லது. வரிப்பூனைக்கு 'டைக்' வையுங்கள். 'டைகர்' போல ஒலித்தாலும் கவிஞன் என்று பொருள்.

'கண்ணன்' விளிக்கும்போது 'கண்ணா' ஆவதுபோல ஐரிஷிலும் பெயர் மாறும், ஆனால் பெரும்பாலும் தொடக்கத்தில். பங்குரை அழைக்க 'அ ஃபங்குர்' என்பார்கள்.

படி 4: சில நாள் பொறுங்கள்

உணவுக் கிண்ணத்தை வைக்கும்போதெல்லாம் அந்தப் பெயரையே சொல்லுங்கள். கிண்ணம் இல்லாத நேரத்திலும் காது திரும்பினால், கால்நடை மருத்துவரின் அட்டையில் எழுதிவிடலாம்.