ஸ்காட்லாந்து கெனால்ல ஃப்ரெண்ட்ஸோட போட் ட்ரிப்பா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

கலிடோனியன் கெனால் மொத்தமே 60 மைல்தானே, இன்வர்னஸ்ல கிளம்பினா ரெண்டே நாள்ல ஃபோர்ட் வில்லியம் போயிடலாம்னு மேப்ப பாத்து ப்ளான் போடுறாங்க பாருங்க, எல்லா கூத்தும் அங்கதான் ஆரம்பிக்குது. அதுல வெட்டின கால்வாய் 22 மைல்தான், மிச்சமெல்லாம் லாக் நெஸ், லாக் ஆய்க் மாதிரி ஏரிங்க, ஆனா வழியில 29 மதகு இருக்கு, அதாவது போட்ட உள்ள விட்டு கேட்ட மூடி, தண்ணிய ஏத்தியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புற தொட்டி. ஃபோர்ட் அகஸ்டஸ்ல வரிசையா அஞ்சு, பனாவில எட்டு, அந்த எட்ட தாண்டவே ஒன்றரை மணி நேரம் போயிடும், நமக்கு முன்னாடி நாலு போட் நின்னா இன்னும் லேட். சாயங்காலம் மதகு ஆளுங்க வேலை முடிச்சு கிளம்பிட்டா அவ்ளோதான், காலைல வரைக்கும் அங்கயே கட்டிப்போட்டுட்டு உக்காரணும். அஞ்சாறு நாளாவது வைங்க, அவசரமா போறதுக்கு பக்கத்துலயே ரோடு இருக்கு.

அடுத்தது கயிறு. மதகுக்குள்ள இறங்குறப்ப கயித்த டைட்டா கட்டிட்டு செல்ஃபி எடுக்கப் போயிட்டா தண்ணி கீழ போகும், போட் மட்டும் கயித்துல தொங்கும். இறங்கும்போது கைல பிடிச்சு கொஞ்சம் கொஞ்சமா விடணும், ஏறும்போது தொய்வு விழ விழ இழுத்துக்கணும். முன்னாடி ஒருத்தர், பின்னாடி ஒருத்தர், அந்த நேரத்துல பீர் வேணாம்.

லாக் நெஸ்ஸ வெறும் ஏரிதானேனு நினைக்கிறதுதான் இருக்கறதுலயே மோசமான தப்பு. 23 மைலுக்கு நேரா நீண்டு கிடக்கு, ரெண்டு பக்கமும் மலை, தென்மேற்கு காத்து அதுக்குள்ள பூந்துச்சுன்னா தடுக்க ஒண்ணுமே இல்ல, அலை கடல் மாதிரி எழும்பும். ஆழம் 200 மீட்டருக்கு மேல, கரையோரமே சரிவா இறங்குறதால நெனச்ச எடத்துல நங்கூரம் போட முடியாது. கோடையிலயும் தண்ணி ஜில்லுனுதான் இருக்கும், விழுந்தா நீச்சல் தெரிஞ்சவங்களுக்கே மூச்சு அடைச்சுக்கும், அதனால லைஃப் ஜாக்கெட்ட கேபின்ல மடிச்சு வைக்காம போட்டுக்கோங்க. வெதர் பாத்துட்டு காத்து ஜாஸ்தின்னா அன்னைக்கு கிளம்பாதீங்க, அந்த ஏரில இருக்குன்னு கதை சொல்ற பூதம் நெஸ்ஸிய நாளைக்கும் தேடலாம்.

ஸ்காட்லாந்துலயே இன்னொரு கால்வாயான க்ரினன் கெனால் போறவங்க வெறும் ரெண்டு பேரா போகாதீங்க. 9 மைலுக்கு 15 மதகு, அதுல நிறைய நாமளே தள்ளித் திறக்க வேண்டியது, இடுப்பு ஒடிஞ்சிடும்.

அப்புறம் மிட்ஜ், கொசுவ விட பொடிசு, கூட்டமா வந்து கடிக்கும். ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் உச்சம். காத்தில்லாத சாயங்காலத்துல டெக்ல டின்னர்னு உக்காந்தா நீங்கதான் அதுக்கு டின்னர், தலைக்கு போடுற வலை வாங்கி வைங்க.